கழுதைக்கு அரை மதிப்பெண்

ஜூன் 1, ஞாயிறு

கடைசி இடம் யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ‘கல் மகுடம்’. பத்துக்கு இரண்டு. அந்த இரண்டும் இசைக்கு.

28ஆம் தேதி எங்கள் ஆன்லைன் சர்வரில் நேரலை. ‘கெல்மார்’ கம்ப்யூட்டர் விளையாட்டு வரிசையின் ஐந்து கேம்பெயின்களையும், அதாவது ஐந்து முழுக்கதைகளையும், நான் தரவரிசைப்படுத்தப் போகிறேன். தமிழில் ஒருவனும் இதைச் செய்ததில்லை. சர்வரில் அறுபத்து மூன்று பேர். பேசுவது ஒன்பது பேர். விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன். ஓசூர் தரணிக்கும் கொஞ்சம் தெரியும், ஆனால் அவனுக்கு எல்லாமே ‘நல்லாத்தான் இருக்கு’. கல் மகுடத்துக்கு ஆறு கொடுக்கலாம் என்கிறான். இவனெல்லாம் சோற்றில் கல் கிடந்தாலும் மொறுமொறுப்பாக இருக்கிறது என்பான்.

பின்னால் நானே மறந்துவிடக் கூடாது என்பதற்காகக் குறித்துவைக்கிறேன். முதல் கெல்மார் வந்தபோது நான் பிறக்கவே இல்லை. அதோடு வந்த கேம்பெயின்தான் கல் மகுடம், பன்னிரண்டு அத்தியாயம். அதற்குப் பிறகு ஒட்டுக்கதையாக விற்ற எக்ஸ்பான்ஷன் இரண்டு: ‘பனிக்கு அப்பால்’, ‘ஆழ்சுரங்கம்’. பிறகு இரண்டாம் கெல்மார், அதற்கு ஓர் எக்ஸ்பான்ஷன், ‘பொய்ப்பெயர்’. இவையெல்லாம் எங்கள் சர்வரில் நாங்கள் வைத்த தமிழ்ப் பெயர்கள். நான் வைத்தது என்றே சொல்லலாம்.

இந்த வீட்டில் கல் மகுடத்துக்கு ஒரு ரசிகை உண்டு. என் அக்கா பியூலா. ஏழு வருடமாக அது ஒன்றையேதான் விளையாடுகிறாள். ஞாயிறு சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, அம்மா குழம்பு கூட்டி முடிக்கும்வரை ஒரு மணி நேரம். டூட்டி விழுந்தால் அதுவும் கிடையாது. இப்போது பன்னிரண்டாம் அத்தியாயத்தில் நிற்கிறாள். நான் முப்பத்தொரு மணி நேரத்தில் முடித்தவன். நான்கு முறை.

இன்றைக்குச் சொன்னாள்: “இருபத்தேழாந்தேதிக்குள்ள முடிச்சிரணும்ல. முடிச்சிட்டுத்தான் பிளைட் ஏறணும்.”

மஸ்கட்டில் நர்ஸ் வேலை. இரண்டு வருட ஒப்பந்தம்.

“முடிச்சு என்னக்கா கெடைக்கப் போவுது? வில்லன் யாருன்னு சொல்லட்டா?”

“வாயத் தொறந்த, செருப்பு பிஞ்சிரும்.”

வில்லன் யார் என்று முதல் அத்தியாயத்திலேயே தெரியும். கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு “நான் உங்கள் நண்பன்” என்று சொல்கிறவன் வேறு யாராக இருப்பான்? அக்காவுக்கு ஏழு வருடமாகத் தெரியவில்லை.

ஜூன் 2, திங்கள்

தண்ணீர் எட்டு குடம். ஆழ்சுரங்கம் முதல் சண்டை பதிவு செய்தேன். மற்றபடி ஒன்றுமில்லை.

ஜூன் 3, செவ்வாய்

சரி, எழுதிவிடுகிறேன். இது என் நாட்குறிப்பு, யாரும் படிக்கப் போவதில்லை.

முதல் கெல்மாரை உருவாக்கியவர்கள் முட்டாள்கள். விட்ட இடத்தைச் சேமிக்கும் சேவ் கேம்பெயினுக்குப் பத்து வைத்துக்கொள்ள இடம் கொடுத்தவர்கள், ஒற்றைப் பட்டனைத் தட்டினால் விழும் விரைவு சேவுக்கு மட்டும் ஒரே ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். மூன்று கேம்பெயினுக்கும் சேர்த்து ஒன்று. எதைக் கடைசியாகத் தட்டினாயோ அது பழையதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். இது தெரிந்தவர்கள் அதைத் தொடவே மாட்டார்கள். பெயர் வைத்துத்தான் சேமிப்பார்கள். அக்காவுக்குப் பெயர் வைத்துச் சேமிக்கத் தெரியாது. ஏழு வருடமாக அந்த ஒற்றைப் பட்டன்தான்.

எனக்குத் தெரியும். ஆனால் சண்டை நடுவில் கை தானாகத் தட்டிவிடும். விளையாடுகிற எவன் கையும் தட்டும்.

நேற்று என் கை தட்டியது.

வீட்டில் ஒரே கம்ப்யூட்டர். அக்காவின் சேவ் இருந்த இடத்தில் இப்போது என் ஆழ்சுரங்கம் வீரன் நிற்கிறான்.

குற்றம் முழுக்க அந்த வடிவமைப்பாளர்களுடையது.

ஜூன் 4, புதன்

தரவரிசைக்காகக் கல் மகுடத்தை முதலிலிருந்து இன்னொரு தடவை விளையாடிப் பார்க்கலாம் என்று முடிவெடுத்திருக்கிறேன். ஆராய்ச்சிதான். காலேஜ் திறக்க இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. அக்கா காலை ஆறரைக்குப் போனால் நாலரைக்குத்தான் வருவாள். அம்மா டியூஷன் பிள்ளைகளோடு மாடியில்.

வீராங்கனையின் பெயர் பியூலா. வைத்தியக்காரி. அக்கா அப்படித்தான் வைத்திருந்தாள். வாள்வீரன், மந்திரவாதி, திருடன் என்று எத்தனை இருக்கிறது! நாளெல்லாம் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுவிட்டு வந்து, இங்கேயும் உட்கார்ந்து மருந்து கட்டுகிறவளை என்ன சொல்வது?

ஜூன் 6, வெள்ளி

நான்கு அத்தியாயம் முடிந்தது. தாங்க முடியவில்லை. முதல் வேலை நிலவறையில் எலி அடிப்பது. இரண்டாவது வேலை வேறொரு நிலவறையில் பெரிய எலி அடிப்பது. மூன்று கோபுரம், ஒவ்வொன்றுக்கும் மூன்று சாவி, ஒவ்வொரு சாவிக்கும் ஒரு கிழவன், ஒவ்வொரு கிழவனுக்கும் தொலைந்துபோன ஒரு மோதிரம். கூடவே வரும் வீரன் ஓர்வின் நாற்பது அடிக்கொரு தரம் “பாதை நீண்டது, தோழரே” என்கிறான். ஆமாடா, நீண்டதுதான். நீட்டியது நீங்கள்தானே?

பனிக்கு அப்பால் எட்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு பனிமலை, ஒரு கிராமம், ஒரு பொய் சொல்கிற பூசாரி. கச்சிதம். அதே ஆட்கள்தான் அதையும் செய்தார்கள் என்பதை நம்பவே முடியவில்லை. ஆறரை கொடுப்பேன்.

ஜூன் 8, ஞாயிறு

அக்கா சர்ச்சிலிருந்து வந்து சேலைகூட மாற்றாமல் வந்து உட்கார்ந்தாள்.

“மவுஸ் வேல செய்யலக்கா.”

“நேத்து வரைக்கும் செஞ்சிச்சே?”

“வேற சொல்லிருக்கேன். ரெண்டு நாள்ல வந்துரும்.”

என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, “சரில, இன்னும் ரெண்டு ஞாயிறு இருக்குல்லா?” என்றுவிட்டுப் போய் அம்மாவுக்குத் தேங்காய் துருவினாள்.

மவுஸ் என் தலையணைக்கு அடியில் இருந்தது.

ஜூன் 10, செவ்வாய்

பக்கத்து வீட்டு அமலி அத்தை வந்தார்கள். மஸ்கட்டில் இருக்கிற மகன் எட்வினுக்கு இரண்டு கிலோ மக்ரூன் கொண்டுபோக வேண்டுமாம். பின்னாலேயே செல்லம் டீச்சர், மருமகனுக்குக் கருவாடு. தூத்துக்குடியில் ஒருத்தி வெளிநாடு போகிறாள் என்றால் தெருவே அவள் பெட்டியில் ஏறப் பார்க்கிறது. கூரியர் என்று ஒன்று இருப்பது இவர்களுக்கெல்லாம் தெரியாது போல.

அம்மா எல்லாவற்றுக்கும் “அதுக்கென்ன, கொண்டுபோவா” என்றாள். அக்கா டூட்டியில் இருந்தாள்.

ஏழாவது அத்தியாயம். சதுப்பு நிலம். சதுப்பு நிலம் வைக்காத கேம்பெயின் உலகத்திலேயே கிடையாது. ஏன்?

ஜூன் 12, வியாழன்

தரணி குரல் அழைப்பில் வந்தான்.

“என்னடா, சர்வர்ல ஆளையே காணோம்?”

“கல் மகுடம் திரும்ப ஆடிட்டிருக்கேன்.”

“நீயா? திட்டிட்டே இருப்பியே!”

“இப்பவும் திட்டிட்டுத்தான் ஆடுறேன்.”

“பிடிச்சிருக்குன்னு ஒத்துக்கயேன்டா.”

போனை வைத்துவிட்டேன். அவனுக்கு ஆழ்சுரங்கத்தின் மூன்று முடிவுகளில் இரண்டுதான் தெரியும். ஆழ்சுரங்கம் எட்டரை. தோற்றால்கூடக் கதை தொடரும், தோற்றவனாகவே தொடரும். அந்தத் துணிச்சல் கல் மகுடம் எழுதியவனுக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

ஜூன் 14, சனி

முடித்தேன். கறுங்கோட்டை வாசல், பன்னிரண்டாம் அத்தியாயம். அக்கா நின்ற அதே இடம், அதே பாறை, அதே பச்சை அங்கி. அவள் பன்னிரண்டாம் லெவலில் இருந்தாள், இப்போது பதினாலு. பழையதைவிட நன்றாகவே இருக்கிறது. ஒற்றைப் பட்டனைத் தட்டி அதே இடத்தில் வைத்துவிட்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. எதுவும் தொலையவில்லை. நாளைக்கு மவுஸ் சரியாகிவிடும்.

ஜூன் 15, ஞாயிறு

அக்கா உட்கார்ந்தாள். லோடு செய்தாள். பத்து விநாடிகூட ஆகவில்லை. திரையில் காட்சியை இந்தப் பக்கம் நகர்த்தினாள், அந்தப் பக்கம் நகர்த்தினாள்.

“ஏல, சொர்ணம் எங்க?”

அடுப்படியிலிருந்து அம்மா: “யாருட்டி, மூணாந்தெரு சொர்ணமா? வந்திருக்காளா?”

“கழுதம்மா.”

“அவள ஏன்ட்டி கழுதங்க?”

கழுதை. முதல் அத்தியாயத்தில் மூட்டை சுமக்க ஒரு கழுதை கொடுப்பார்கள், பெயரும் நாமே வைக்கலாம். இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு வியாபாரி நாற்பது வெள்ளிக்குக் கேட்பான். அங்கேயே தள்ளிவிட வேண்டும். எந்த வழிகாட்டியைப் படித்தாலும் முதல் பக்கத்திலேயே இருக்கும். கழுதை இருந்தால் படகில் ஏற முடியாது, குறுக்குவழி கிடையாது, அதன் வேகத்துக்கு நாமும் நடக்க வேண்டும், சண்டை வந்தால் மிரண்டு ஓடும், செத்தால் செத்ததுதான். ஐந்தாம் அத்தியாயத்தில் மாயப்பை கிடைத்ததும் மூட்டைக்கும் வேலை இல்லை. நானும் விற்றேன். யோசித்துச் செய்யவில்லை, அந்த இடம் வந்ததும் விற்றேன்.

அக்காவின் திரை மூலையில் ஏழு வருடமாக ஒரு கழுதை நின்றதை நான் பார்த்திருக்கிறேன். விற்கத் தெரியவில்லை போல என்று நினைத்திருந்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். வேறு வழியில்லை.

“எப்பம்ல?”

“ரெண்டாந்தேதி.”

“பதிமூணு நாளா மறச்சு, மவுஸ் மவுஸ்னு கத விட்டிருக்க.”

“அதான் திரும்ப அப்டியே செஞ்சு வச்சிட்டேம்லாக்கா. ரெண்டு லெவல் கூட்டியே இருக்கு.”

“கழுதய என்ன பண்ணுன?”

“வித்துட்டேன். எல்லாரும் விப்பாங்கக்கா. நாப்பது வெள்ளி.”

“நீ எல்லாருமால?”

அவ்வளவுதான். திட்டவில்லை. கம்ப்யூட்டரை அணைத்தாள். போய் இருந்த யூனிஃபார்ம் ஏழையும் தேய்த்தாள். வருகிற வெள்ளியோடு அந்த ஆஸ்பத்திரி வேலை முடிகிறது, ஐந்து நாளுக்கு ஏழு எதற்கு?

மதியம் மீன்குழம்பு. அம்மா பரிமாறிக்கொண்டே “மூணாந்தெரு சொர்ணம் பாவம்ட்டி, அவளுக்கு மூட்டு வலி” என்றாள்.

ஜூன் 16, திங்கள்

புதிய விளையாட்டு. பெயர் பியூலா. கழுதையின் பெயர் சொர்ணம்.

இதுவும் ஆராய்ச்சிதான்.

ஜூன் 17, செவ்வாய்

இந்த மிருகத்தைப் படைத்தவனை நேரில் பார்த்தால் நான்கு கேள்வி கேட்பேன். பாலத்துக்கு நடுவில் நின்றுவிடுகிறது. ஏன் என்று தெரியாது. நாமும் நிற்க வேண்டும். அதற்குத் தோன்றினால் நடக்கும். ஓர்வின் பக்கத்தில் நின்று “பாதை நீண்டது, தோழரே” என்கிறான். முதல்முறையாக அவன் சொன்னது சரி.

இரண்டாம் அத்தியாயத்து வியாபாரி வந்தான். நாற்பது வெள்ளி. வேண்டாம் என்றேன். ஐம்பது. வேண்டாம். எழுபது என்றான்! எழுபது வரை ஏறுவான் என்பது இத்தனை நாள் எனக்குத் தெரியாது. நாற்பதுக்கே விற்றுவிடுவேனே.

ஜூன் 19, வியாழன்

ஐந்தாம் அத்தியாயத்தில் ஓநாய்கள். சொர்ணம் மூன்று முறை செத்தது. மூன்று முறையும் பழைய சேவுக்குப் போனேன். இப்போது எல்லாவற்றையும் பெயர் வைத்து, பத்து இடத்திலும் சேமிக்கிறேன். நான்காம் முறை வைத்தியக்காரியின் மருந்து முழுவதையும் கழுதைக்கே ஊற்றினேன். பிழைத்தது. ஓர்வின் கிட்டத்தட்ட செத்தான். சாகட்டும்.

அப்பா இறந்த வருடம் அக்கா நர்ஸிங் இரண்டாம் வருடம். இந்தக் கம்ப்யூட்டர் அப்பா வாங்கியது, கல் மகுடம் அதோடு வந்த சிடி. இதற்கும் தரவரிசைக்கும் சம்பந்தமில்லை. எழுதிவிட்டேன், அடிக்க மனமில்லை.

ஜூன் 21, சனி

நேற்றோடு அக்காவின் வேலை முடிந்தது. இனி பகலிலும் வீட்டில் இருப்பாள். காலையில் நான் ஏழாம் அத்தியாயத்தில் இருந்தபோது பின்னால் வந்து நின்றாள். நான் திரும்பவில்லை.

சதுப்பு நிலத்தில் கழுதை நடந்துகொண்டிருந்தது.

“எத்தன நாளா ஓட்டுத?”

“ஆறு நாளு.”

“முன்னால போவாத. அது பின்னால வந்தா பயந்துக்கிடும். அத முன்னால விடு.”

விட்டேன். நிற்காமல் நடந்தது. ஆறு நாள்! ஆறு நாளாக அதன் முன்னால் நடந்து நடந்து அதை நிறுத்திக்கொண்டிருந்தவன் நான்தான். எந்த வழிகாட்டியிலும் இது இல்லை, ஏனென்றால் எழுதினவன் எல்லாம் விற்றுவிட்டு எழுதினவன்.

“படிச்ச எரும” என்று என் தலையில் தட்டிவிட்டுப் போனாள்.

ஜூன் 23, திங்கள்

அக்கா துணி மடித்துக்கொண்டே பார்க்கிறாள். “சாவி கெழவன்ட்ட மரியாதயா பேசுல, தள்ளிட்டுப் போவாத.” பேசினேன். எட்டு நிமிடம் தன் பெண்டாட்டியைப் பற்றிச் சொன்னான். எழுத்து மகா மட்டம். அக்கா கண்ணைத் துடைத்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அவளிடம் பொய்ப்பெயரைப் பற்றிச் சொன்னேன். நாயகன் செத்துக்கிடப்பதில் கதை தொடங்கும், அவன் பெயரை எவனோ போட்டுக்கொண்டு திரிவான், ஒன்பதரை மதிப்பெண், இந்த வரிசையின் உச்சம் என்றெல்லாம்.

“அதுல கழுத உண்டா?”

“கெடையாது.”

“பொறவு என்ன ஒன்பதரை?”

இந்த மாதிரி ஆளிடம் விமர்சனம் பேசி என்ன பயன்? இரண்டாம் கெல்மாரின் மூலக் கேம்பெயினுக்கு ஐந்து, அதில் பாதி நேரம் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதை நான் சொல்லவே இல்லை.

ஜூன் 25, புதன்

பெட்டியை மீன் கடைத் தராசில் வைத்து நிறுத்தோம். முப்பது கிலோதான் அனுமதி. முப்பத்து மூன்று காட்டியது. மக்ரூன், கருவாடு, யாருக்கோ மூட்டுத் தைலம், யாருக்கோ இட்லித் தட்டு. அம்மா யோசித்துவிட்டு அக்காவின் தலையணையை வெளியே எடுத்தாள். “அங்க தலகாணி கெடைக்காமலா போவுது?” அது போதவில்லை. அக்காவின் இரண்டு சுடிதாரையும் எடுத்தாள். அக்கா “சரிம்மா” என்றாள்.

பத்தாம் அத்தியாயம்.

ஜூன் 26, வியாழன்

கறுங்கோட்டை வாசல். பாறை. பச்சை அங்கி. பன்னிரண்டாம் லெவலைத் தாண்டாமல் கவனமாகக் கொண்டுவந்தேன். மூலையில் கழுதை.

“அக்கா, வா.”

“நாளைக்குக் காலையில ஆடுதேன். இன்னைக்கு இவ்வள நேரம் நீ ஓட்டிட்ட, அதுக்குக் காலு வலிக்கும்.”

ஜூன் 27, வெள்ளி

வண்டி பதினொன்றரைக்கு. திருவனந்தபுரத்திலிருந்து இரவு பிளைட். அக்கா ஏழு மணிக்கே குளித்து, போகிற உடுப்போடு வந்து உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில்.

கறுப்பு அங்கிக்காரன்தான் வில்லன் என்று தெரிந்ததும் “ஐயையோ!” என்று நிஜமாகவே அலறினாள். அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள்.

வில்லனைக் கொல்ல அவளுக்கு ஒன்றே கால் மணி நேரம் ஆனது. எனக்கு நான்கு நிமிடம் ஆகும். இரண்டு முறை கை தானாக மவுஸுக்குப் போனது. இரண்டு முறையும் அடித்தாள்.

முடிந்தது. திரை இருண்டது. இந்த இடத்தில் நான் எப்போதும் தாண்டும் பட்டனை அழுத்திவிடுவேன். நான்கு முறையும் அழுத்தியிருக்கிறேன். சண்டை முடிந்த பிறகு என்ன இருக்கிறது? அக்கா அழுத்தவில்லை. படம் படமாக வந்தது. ஓர்வின் ஊருக்குத் திரும்பினான். கிழவன் மோதிரத்தோடு இறந்தான். எல்லாம் இரண்டு வரி, எல்லாம் சர்க்கரை.

கடைசியாக ஓர் ஆற்றங்கரை. புல். நடுவில் கழுதை. கீழே எழுத்து. அக்கா அதை மெதுவாக, தமிழாக்கிச் சொன்னாள்: “சொர்ணம் இந்தக் கரையில நெறைய நாள் இருந்துச்சு. அதுக்குப் பொறவு அது மேல யாரும் எதையும் ஏத்தல.”

அவ்வளவுதான். ஒரே ஒரு படம். இரண்டு வாக்கியம். நான்கு முறை முடித்தவன் நான், இது இருப்பதே தெரியாது.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர்கள் ஓடி முடிந்து, முதல் பக்கத்து இசை திரும்ப ஆரம்பித்துவிட்டது. பிறகு எழுந்து நடுவீட்டுக்குப் போனாள். பூட்டியிருந்த பெட்டியைத் திறந்தாள். மக்ரூன் டப்பாவை எடுத்துத் தரையில் வைத்தாள். கருவாடு. தைலம். இட்லித் தட்டு. ஒவ்வொன்றாக, உடைந்துவிடாமல், வரிசையாக வைத்தாள். உள்ளே போய்த் தலையணையையும் இரண்டு சுடிதாரையும் எடுத்து வந்து உள்ளே வைத்து மூடினாள்.

“ஏட்டி, அமலிக்கு என்ன பதில் சொல்ல? என்ன நெனப்பா?” என்றாள் அம்மா.

“நெனச்சுக்கிடட்டும்மா.”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தராசு எடுத்துவர மீன் கடைக்கு ஓடினேன். இருபத்து நான்கு கிலோ.

வண்டி ஏறும்போது கண்ணாடியை இறக்கிச் சொன்னாள்: “ஏல, பட்டன்ல கை வச்ச, பிளைட் புடிச்சு வந்து அடிப்பேன்.”

மக்ரூனை நான் தின்றுகொண்டிருக்கிறேன். எட்வின் அண்ணனுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

ஜூன் 28, சனி

நேரலை. பதினேழு பேர் வந்தார்கள். பொய்ப்பெயர் ஒன்பதரை, ஆழ்சுரங்கம் எட்டரை, பனிக்கு அப்பால் ஆறரை, இரண்டாம் கெல்மார் ஐந்து. எல்லாம் எதிர்பார்த்தபடியே போனது. கல் மகுடத்தை நாற்பது நிமிடம் கிழித்தேன். எலி, சாவி, கிழவன், மோதிரம், சதுப்பு நிலம், அங்கி. ஒன்றையும் விடவில்லை. ஒரு சொல்லைக்கூடத் திரும்பப் பெறமாட்டேன்.

மதிப்பெண் போட்டேன். இரண்டரை.

தரணி உடனே பிடித்துக்கொண்டான். “ரெண்டுன்னுதானே ஒரு மாசமா சொன்ன? அந்த அரை எதுக்கு?”

“கழுதைக்கு.”

“எந்தக் கழுத? ஓ, அந்த நாப்பது வெள்ளியா? அத எல்லாரும் ரெண்டாவது அத்தியாயத்துலயே வித்துடுவாங்களேடா.”

பதினேழு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நீ எல்லாருமாடா?” என்றேன்.